பத்தாவது நோயாளி கேட்ட சொற்கள்

அக்காவின் கையில் இறந்தவர்கள் பின்னேரம் மூன்று மணிக்கு அக்காவைத் தேடி வருகிறார்கள் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள்.

அதைப் பற்றி யாரும் விவாதித்தது கிடையாது. வானம் இருண்டதும் கொடியிலிருந்து துணியை எடுப்பதுபோல, இயல்பாக நம்பினார்கள். அந்த நேரத்துக்கு அம்மா ஒரு முக்காலியைத் தூக்கிவந்து அக்காவின் அறைக்கு வெளியே போட்டு, அதன்மேல் ஒரு செம்பு தண்ணீர் வைப்பார். அப்பா றேடியோவை நிறுத்திவிடுவார்.

அக்கா எங்கள் நகரத்து ஆஸ்பத்திரியில் டொக்டர். காலையில் வாட்டில் நோயாளிகளைப் பார்த்து முடித்துக்கொண்டு இரண்டு மணிக்கு வருவாள். சாப்பிடுவாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

சற்று நேரத்தில் அவள் குரல் கேட்கத் தொடங்கும். ஒரு சொல். ஒரு மூச்சு விடும் அளவுக்கு மௌனம். இன்னொரு சொல். மறுபடி மௌனம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஏழு சொற்கள். கடைசியில், “கேக்குதா? கேக்குதெண்டால் ஞாபகம் வைச்சிருங்கோ” என்பாள். பதில் வராது. பதில் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

## மூன்று மணி

திருகோணமலையின் மூன்று மணியை அறியாதவர்களுக்கு அதைச் சொல்லி விளங்கவைப்பது கடினம். குடாவிலிருந்து ஏறிவரும் வெளிச்சம் சுவர்களை வெளிறச் செய்துவிடும். காகங்கள்கூட வாயைத் திறந்தபடி சத்தமின்றி இருக்கும். கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் மான்கள் எங்கள் படலைக்கு வெளியே நின்று வீட்டைப் பார்க்கும். பார்ப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை இல்லை. ஆனால் அவை பார்த்தது எப்போதும் அக்காவின் ஜன்னலைத்தான் என்று அம்மா சொல்வார்.

போன வாரம் இந்தப் பத்தியில் அப்பா வேலைபார்த்த டொக்யாட், அதாவது கப்பல்துறை, அலுவலகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வெள்ளைக்காரக் கப்பற்படை போனபின் துறைமுகத்துச் சங்கு நின்றுவிட்டது. வேலை முடிந்ததைச் சொல்ல அது ஊதும் நேரத்தில், சங்கில்லாமலே அப்பா கதிரையிலிருந்து எழுந்துவிடுவார். “கேட்டதோ?” என்று அம்மாவைக் கேட்பார். “கேட்டது” என்பார் அம்மா. இல்லாத சத்தங்களுக்கு எங்கள் வீடு ஏற்கெனவே பழகியிருந்தது.

வீட்டில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஏனென்றால் அந்தச் சொற்களை எழுதிக் கொடுத்ததே நான்.

## கட்டிய பெருவிரல்கள்

இதற்கு முன்கதை ஒன்று உண்டு.

எங்கள் கடலில் வலக்கடியன் என்றொரு பாம்பு இருக்கிறது. வலையோடு ஏறிவரும். கடித்தால் பெரிதாக நோகாது. மீன் முள் கீறியதென்று நினைத்து மனிதர் வலையைத் தொடர்ந்து இழுப்பார். ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் உளைச்சல். பிறகு தாடை இறுகும், இமை விழும், சிறுநீர் கறுப்புக் கோப்பிபோலப் போகும். கடைசியில் கை, கால், நாக்கு எதுவும் அசையாது.

ஒருநாள் சாம்பல்தீவிலிருந்து ஒரு இளைஞனை மாட்டு வண்டிலில் கொண்டுவந்தார்கள். சிகிச்சைக்காக அல்ல, மரண விசாரணைக்காக. இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டி, வாய்க்கட்டும் கட்டியிருந்தார்கள். அக்கா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து முதலில் பெருவிரல் கட்டை வெட்டினாளாம்.

பத்து நாள் கழித்து அவன் பேசினான்.

“எல்லாம் கேட்டது டொக்டரம்மா. நான் செத்துப்போனன் எண்டு அழுததும் கேட்டது. அழுது முடிய முதலே, வள்ளத்தை இனி ஆர் எடுக்கிறதெண்டு என்ர மச்சான் கேட்டதும் கேட்டது.”

“மச்சான் இப்ப வெளியில நிக்கிறார், கூப்பிடட்டோ?” என்றாள் அக்கா.

“வேண்டாம். நான் இன்னும் செத்த ஆளாவே இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ.”

அக்கா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “எத்தினை பேரைக் கேட்கக் கேட்க எரிச்சிருப்பம்?” என்றாள்.

வழி காட்டியது மீரான் காக்கா. கிண்ணியாக்காரர், வாட்டில் நெடுங்காலம் உதவியாளராக இருந்தவர். “காதுதான் டொக்டர் கடைசியாப் போறது. இது உங்கட புத்தகத்தில இல்லையா? மவுத்தாகிற ஆளுட காதுக்க நாங்க கலிமாச் சொல்லிக் குடுக்கிறது பின்ன என்னத்துக்கு?” என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் அக்காவின் ஆராய்ச்சி பிறந்தது. அசைவற்றுக் கிடக்கும் ஒவ்வொருவருக்கும் ஏழு சொற்கள். கட்டிலருகே யாரும் தற்செயலாகப் பேசமாட்டாத சொற்கள். நான் இரண்டு தாளில் எழுதி, ஒன்றை அக்காவிடம் கொடுப்பேன்; மற்றதை உறையிலிட்டு ஒட்டிவிடுவேன். அக்கா வாட்டில் இருக்கும்போதெல்லாம் மணிக்கொரு தடவை நோயாளிக்கு வாசிப்பாள். அவர் பேசத் தொடங்கியதும் சொற்களை அறியாத மீரான் காக்கா கேட்பார். பதிலைக் குறித்துக்கொண்ட பிறகே உறை திறக்கப்படும்.

“ஏன் வீட்டில வாசிச்சுப் பழகிறாய்?” என்று கேட்டிருக்கிறேன்.

“என்ர குரலில பாசமோ பயமோ கலக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே குரல். இல்லாட்டில் எது கேட்டது எண்டு எப்பிடித் தெரியும்?”

வீட்டில் சொல்லக் கூடாது என்பதும் அவள் கட்டளை. ஊர் சின்னது. அம்மாவுக்குத் தெரிந்தால் மீன்காரிக்குத் தெரியும். மீன்காரிக்குத் தெரிந்தால் வாட்டுக்குத் தெரியும். எனவே அம்மா தண்ணீர் வைத்தார். நான் வாய் திறக்கவில்லை. தண்ணீர் ஒவ்வொரு நாளும் குறைந்திருந்தது. அக்காதான் குடித்திருப்பாள்.

## ஒரு கதிரை

அக்காவோடு படித்த தமிழ் டொக்டர்மாருக்கு அந்நாட்களில் மூன்று வழிகள் இருந்தன. சொந்த டிஸ்பென்சரி, இங்கிலாந்துக்குக் கப்பல், அல்லது அனுப்பப்பட்ட ஊரில் ஓய்வுபெறும்வரை இருத்தல். ஆராய்ச்சி என்பது கொழும்பில், பெரியவர்களின் கண்ணில் படும்படி நிற்பவர்களுக்கு உரியதாக இருந்தது. நோயாளிகள் எங்களிடம் இருந்தார்கள். நல்ல நுணுக்குக்காட்டி அங்கே இருந்தது.

அக்கா இரண்டையும் விட ஆயத்தமாக இல்லை. அதுவரை பேசி எழும்பிய ஒன்பது நோயாளிகளைப் பற்றி அவள் எழுதி அனுப்பியதைப் படித்த ஒரு கொழும்புப் பேராசிரியர் கடிதம் எழுதியிருந்தார். தமிழர் அல்லர், நேர்மையானவர். ‘புதிதாக ஒரு பதவி வருகிறது, காலையில் வாட்டு, பின்னேரம் ஆய்வுகூடம். வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து யாரையும் இதுவரை எடுத்ததில்லை. பத்து நோயாளிகளை முழுமையாகக் கொண்டுவந்தால் நான் வாதாடிப் பார்க்கிறேன். அரசாங்க வேலைக்குக் கேட்கும் சிங்களச் சோதனையையும் முடித்துவிடுங்கள்’ என்று சொல்லியிருந்தார்.

“என்ர வருத்தக்காரரையும் விடாமல், என்ர கேள்வியையும் விடாமல் இருக்க ஒரு கதிரை” என்றாள் அக்கா. அவள் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை.

அன்றுமுதல் மூன்று மணிக்கு ஏழு சொற்களுக்குப் பின்னால் சிங்கள வாக்கியங்களும் கேட்டன. செம்பை வைத்துவிட்டு வந்த அம்மா குசினி அடுப்படியில் என்னிடம் மெல்லச் சொன்னார்:

“இப்ப சிங்களச் சனமும் வரத் தொடங்கீட்டுது பிள்ளை. பாவம், அதுகளுக்கும் ஆர் இருக்கினம்?”

இன்னொரு செம்பும் வைக்கப்பட்டது. வாய்மொழிச் சோதனையில் ஒருமுறை தவறி, மறுமுறை அக்கா தேறினாள். இனி வேண்டியது ஒரு நோயாளி.

## ஜன்னலோரக் கட்டில்

கிண்ணியாவிலிருந்து அலியார் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். ஜன்னலோரக் கட்டிலில் கிடத்தினார்கள். அவனுக்கு நான் எழுதிய சொற்கள் எனக்கு இன்றும் மனப்பாடம்: ஏணி, வெந்தயம், கண்ணாடி, பட்டம், சாணை, முயல். ஏழாவதும் ஒன்று உண்டு.

மூன்றாம் நாள் அவன் இறந்தான். அக்கா அப்போது வாசித்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மீரான் காக்கா காதருகே குனிந்து கலிமா சொல்லிக்கொண்டிருந்ததால், அக்கா என்ன வாசித்தாள் என்பதை அவரும் கவனிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே கட்டிலுக்குச் சல்லிக் கிராமத்திலிருந்து கணபதிப்பிள்ளை வந்தார். அவருடைய மனைவி பொன்னம்மாதான் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவள். அவருக்கு நான் முற்றிலும் வேறு சொற்களை எழுதினேன். அக்கா வாசித்தாள். விண்ணப்பம் அனுப்ப இரண்டு வாரமே இருந்தது.

ஒன்பதாம் நாள் கணபதிப்பிள்ளை பேசினார். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு நானும் போனேன். உறை என் கையில் இருந்தது.

மீரான் காக்கா கேட்டார். “அசையாமக் கிடக்கக்க என்னவாச்சும் கேட்டயா தம்பி?”

“கேட்டது.”

“என்ன கேட்டது?”

கணபதிப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். குழந்தை பாடம் ஒப்புவிப்பதுபோல மெல்லச் சொன்னார்.

“ஏணி. வெந்தயம். கண்ணாடி. பட்டம். சாணை. முயல்.”

நான் உறையைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையிருக்கவில்லை.

“பிறகு?” என்றார் மீரான் காக்கா.

“பிறகு ஒண்டும் இல்லை. அதோட நிண்டுபோச்சு.”

“ஆர் சொன்னது?”

அவருடைய கண் அக்காவிடம் போகவில்லை. கட்டிலின் கால்மாட்டுக்குப் போனது. அங்கே பொன்னம்மா தண்ணீர்ப் போத்தலோடு குனிந்து நின்றாள். அவளுக்கும் அப்பால், வெயில் விழுந்த வெறும் சுவர். “அது எனக்குத் தெரியாது” என்றார்.

“வேற சொல்லுகள்?” என்று அக்காவே கேட்டுவிட்டாள். அவள் கேட்டிருக்கக் கூடாது.

“வேறயும் ஏதோ கேட்டதுதான் டொக்டரம்மா. அது காத்துமாதிரி மேலால போச்சுது.”

வெளி விறாந்தையில் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே கடல், சுருக்கமில்லாத தகரம்போலக் கிடந்தது.

“அலியாருக்குக் கடைசியா வாசிக்கேக்க, ஆறாவது சொல்லோட மூச்சு நிண்டுபோச்சு. ஏழாவதை நான் சொல்லேல்லை. அது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும்.”

## சொல்லாத பொய்

அன்று மாலை நான் ஒரு பொய்யோடு அக்காவிடம் போனேன்.

“நான் தாளை மாறித் தந்திட்டன் எண்டு எழுதுவம். நீ வாசிச்சது அலியாரின்ர தாள். அப்பிடியெண்டால் அவர் சொன்னது சரி. ஏழில ஆறு. பத்தாவது ஆளும் கிடைச்சிடும்.”

“நான் வாசிச்சது எனக்குத் தெரியாதே?”

“களைச்சுப்போய் இருந்தனீ. கவனிக்கேல்லை எண்டு சொல்லலாம்.”

அவள் நோயாளிகளின் அட்டவணையை எடுத்து மேசையில் விரித்தாள். “இதை இப்பிடியே எழுதினால் சிரிப்பினம். உன்ர பொய்யை எழுதினால் சிரிக்கமாட்டினம். எனக்குச் சிரிப்புப் போதும்.”

“அப்ப இந்த ஆளை விட்டிட்டு ஒன்பதோட அனுப்பு.”

“கண்டதை விடேலாது. விட்டால் மற்ற ஒன்பதையும் ஆர் நம்புறது? முதல்ல நானே நம்பமாட்டன்.”

பத்தாவது நோயாளிக்கு நேரே அவள் எழுதியது நான்கு வரி. ‘வாசிக்கப்பட்ட சொற்களில் ஒன்றும் நினைவில்லை. இதே கட்டிலில் முன்பு இறந்தவருக்கு வாசிக்கப்பட்ட ஆறு சொற்களை வரிசை தவறாமல் சொன்னார். அந்த வாசிப்பும் ஆறாவது சொல்லில்தான் நின்றது. காரணம் தெரியவில்லை.’ வாசித்தவர் பெயருக்கான கட்டத்தில் தன் பெயரை எழுதப்போய், கையை எடுத்துவிட்டாள். அது வெறுமையாகவே போனது.

தேர்வுக் குழுவில் ஒன்பது பேரைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். ஒரு பெரியவர் புன்னகையோடு கேட்டாராம்: “டொக்டர், உங்கள் மாவட்டத்தில் இறந்தவர்கள் இருப்பவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார்களா?”

“தெரியாது. தெரியாது என்றுதான் எழுதியிருக்கிறேன்” என்று அக்கா சொன்னாள்.

பதவி வேறொருவருக்குப் போயிற்று. அந்த நான்கு வரியையே காரணமாகச் சொன்னார்கள். வேறு காரணங்கள் இருந்தனவா என்று பேராசிரியர் தம் கடிதத்தில் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்னொருவருடைய விண்ணப்பத்தில் அந்த வரிகள் ஒரு வேடிக்கையாகக் கடந்துபோயிருக்கலாம். எங்களைப் போன்றவர்கள் வேடிக்கைக்கு இடங்கொடுக்கக் கூடாத தூரத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

சில வருடங்களில் அக்காவும் இங்கிலாந்துக்குப் போனாள். வடக்கே ஒரு மழை நகரத்தில் முதியோர் வாட்டு. அங்கே கேள்வி கேட்க நேரமில்லை என்று எழுதினாள். அவள் போனபின்னும் அம்மா சில நாட்கள் மூன்று மணிக்குச் செம்பு வைத்தார். தண்ணீர் குறையவில்லை. பிறகு நிறுத்திவிட்டார்.

## அம்மாவின் மூன்று மணி

எழுபதுகளின் கடைசியில் அம்மா படுக்கையில் விழுந்தார். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். ஒரு பின்னேரம் நான் அருகில் அமர்ந்து கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன். நித்திரையென்று நான் நினைத்த அம்மாவின் உதடு அசைந்தது.

“ஏணி. வெந்தயம். கண்ணாடி. பட்டம். சாணை. முயல்.”

அதோடு நின்றது.

என் கையிலிருந்த சிவப்புப் பேனை நிலத்தில் விழுந்தது. சுவரில் மணிக்கூடு மூன்றே கால் காட்டியது. படலைக்கு வெளியே மான்கள் நின்றன. அக்கா எந்த அறையில் இருக்கிறாள் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

“அம்மா, இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“கொக்காவின்ர மந்திரம்.” ‘உன் அக்கா’ என்பதை அம்மா ‘கொக்கா’ என்பார். அவர் கண் திறந்தார். “இனி எனக்குப் பலிக்கவேண்டியது ஒண்டுமில்லை. இப்பச் சொல்லலாம்.”

அவர் சொன்னது இதுதான்.

“அந்தக் கிண்ணியாப் பொடியன் செத்த பிறகு கொக்கா ஒவ்வொரு நாளும் கதவைப் பூட்டிப்போட்டு ஆறு சொல்லுச் சொல்லுவள். சொல்லிப்போட்டு அழுவள். திருப்பியும் சொல்லுவள். அப்ப நீ பள்ளிக்கூடத்தில பின்னேர வகுப்பு எடுத்தனீ. நான்தான் கதவடியில நிண்டனான். செத்ததுகளைக் கூப்பிடுற மந்திரம் எண்டு நினைச்சனான். பிறகு பொன்னம்மா மீன் கடகத்தோட வந்து குளறினாள், தன்ர மனுசன் பிணம்மாதிரிக் கிடக்கிறானெண்டு. அவளுக்குச் சொல்லிக் குடுத்தனான். ‘பார்க்க விடுற நேரம் போய் அவன்ர காதுக்குள்ள சொல்லு, சொல்லிக்கொண்டே இரு. வெளியில விட்டால் பலிக்காது, செத்தாலும் சொல்லாத’ எண்டனான். அவன் எழும்பினான்தானே?”

“எழும்பினவர் அம்மா.”

“அப்ப ஏன் கொக்காவுக்கு அந்த வேலை கிடைக்கேல்லை?”

நான் போர்வையைச் சரிசெய்தேன். அந்தக் கேள்விக்கு விடை அம்மாவின் தலையணைக்கு அரை முழம் தள்ளி உட்கார்ந்திருந்தது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது மந்திரமல்ல என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்தாவது நோயாளி மற்ற ஒன்பது பேரைவிடப் பெரிய சாட்சியாகியிருப்பார். அக்காவின் நடுநிலைக் குரல் காற்றைப்போல மேலால் போயிற்று. தன் மனைவி அடுத்த உலகத்துக்கும் கேட்கும்படி காதுக்குள் ஓதிய ரகசியத்தை மட்டும் அந்த மனிதர் ஒரு சொல் தவறாமல் கேட்டிருக்கிறார்.

“இடம் நிரம்பிப்போச்சாம்” என்றேன்.

“நல்ல இடம் ஒண்டு கிடைச்சிருக்கலாம்” என்று அம்மா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

## வெறும் கட்டம்

அன்றே அக்காவுக்கு எழுதினேன். ஆறு வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு நீல வான்கடிதம் வந்தது. குற்றச்சாட்டு, வருத்தம் எதுவும் இல்லை. அம்மாவுக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று ஒரு பக்கம் விசாரித்திருந்தாள். முடிவில் இரண்டு வரி.

‘பொன்னம்மாவின் முழுப் பெயரை எழுதி அனுப்பு. வாசித்தவர் பெயருக்கு ஒரு கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.’

அனுப்பினேன். இரண்டு குளிர்காலங்களுக்குப் பின் அவள் அங்கேயே இறந்து, அவளுடைய பொருட்கள் ஒரு பெட்டியில் வந்தபோது, அந்தப் பழைய அட்டவணை அடியில் இருந்தது. பத்தாவது வரிசையில் பொன்னம்மாவின் பெயர் புதிய மையில் எழுதப்பட்டிருந்தது. ‘காரணம் தெரியவில்லை’ என்பதை ஒரு கோட்டால் அடித்து, மேலே ‘கேட்டது’ என்று எழுதியிருந்தாள்.

மீரான் காக்காவும் கணபதிப்பிள்ளையும் இப்போது இல்லை. அக்காவின் கடிதம் வந்த வருடமே அம்மாவும் போய்விட்டார். பொன்னம்மா இன்னும் சல்லியில் இருக்கிறாள். கடலில் கடிபட்டுக் கிடப்பவர்களின் காதில் அந்த ஆறு சொற்களை ஓத அவளைக் கூட்டிப்போகிறார்கள் என்று கேள்வி. நான் தடுக்கவில்லை; ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய பிறகு ஓது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஏழாவது சொல்லை அறிந்தவர்கள் அக்காவும் நானுமாக இரண்டு பேர். இப்போது நான் இருக்கிறேன்.